வலது கன்னத்தில் இரண்டு தட்டு

கூத்தாநல்லூர்
14.07.2025

விடுதிக் காப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த வெள்ளிக்கிழமை தங்கள் செவித்திறன் குறையுடையோர் பள்ளியில் எங்கள் சேவைச் சங்கம் நடத்திய பல் பரிசோதனை முகாமின் அறிக்கையை இத்துடன் அனுப்புகிறேன். விடுதி மாணவர்கள் அறுபத்திரண்டு பேரைப் பார்த்தோம். நாற்பத்து நான்கு பேருக்குச் சொத்தைப் பல் இருக்கிறது. பாதிப் பேருக்கு ஈறில் ரத்தம் கசிகிறது. காலையிலும் இரவிலும் பல் துலக்குவதை யாராவது ஒருவர் பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டும்.

ஆறாம் வகுப்பு மாணவி செம்மொழி (வயது 11) வலது கன்னத்தைத் திரும்பத் திரும்பத் தட்டிக் காட்டினாள். வலி இருக்கிறதா என்று கேட்டதற்கும் தலையாட்டினாள். ஆகவே வலது கீழ்க் கடைவாய்ப் பல்லில் கரும்புள்ளி விழுந்திருந்த இடத்தைச் சுத்தம் செய்து அங்கேயே அடைத்துவிட்டேன். இடது பக்கத்தைப் பார்ப்பதற்குள் என் ஆட்காட்டி விரலைக் கடித்துவிட்டு ஓடிவிட்டாள். என் உதவியாளர் நெய்னா முகம்மது அவள் இரண்டு கைகளையும் பிடித்திருந்தும் பயனில்லை.

பொதுவாகவே மாணவர்களிடம் ஒத்துழைப்பு குறைவு. அடுத்த முகாமுக்கு முன் அவர்களுக்குக் கொஞ்சம் ஒழுங்கு சொல்லித்தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
டாக்டர் முபாரக்


சீர்காழி
18.07.2025

டாக்டர் முபாரக் அவர்களுக்கு,

உங்கள் அறிக்கை வந்தது. இரண்டு தடவை படித்தேன். இரண்டாம் தடவை கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. எனக்கும் காது கேட்காது. ஒரு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது, போகும்போது காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இதே பள்ளியில் படித்தேன். இருபது வருடமாக இதே விடுதியில் காப்பாளர். சனிக்கிழமை பேச்சு வகுப்பும் எடுக்கிறேன். போனில் உங்களைத் திட்ட என்னால் முடியாது. வாட்ஸப்பில் திட்டலாம்தான். ஆனால் நீங்கள் ஒரு கும்பிடு பொம்மையைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவீர்கள். காகிதம் என்றால் கடைசிவரை படித்துத்தான் ஆக வேண்டும்.

செம்மொழி தட்டிக் காட்டியது வலியை அல்ல. அது என் பெயர்! இங்கே எல்லோருக்கும் கையால் ஒரு பெயர் உண்டு. பேச்சு வகுப்பில் பிள்ளைகளின் வலது கன்னத்தில் நான் கை வைத்து அதிர்வு பார்ப்பேன். அதனால் வலது கன்னத்தில் இரண்டு தட்டு தட்டினால் நான். "கலைமகள் டீச்சரக் கூப்புடுங்க, டீச்சரக் கூப்புடுங்க" என்று அந்தப் பிள்ளை உங்களிடம் கத்தியிருக்கிறாள். நீங்கள் என் பெயரைப் பல்வலி என்று எடுத்துக்கொண்டு துளை போட்டிருக்கிறீர்கள். நல்ல கூத்து.

நான் எங்கே போனேன் என்று கேட்பீர்கள். சமையற்கட்டில் உங்கள் கோஷ்டிக்கு வடை போட்டுக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

தலையாட்டினாள் என்று எழுதியிருக்கிறீர்கள். புரியாதபோது தலையாட்டுவதைத்தான் டாக்டர், நாங்கள் எல்லோரும் முதலில் கற்றுக்கொள்கிறோம். ஆட்டினால்தான் கேட்கிறவர்கள் விடுவார்கள். முகமூடி போட்டுக்கொண்டு கேள்வி கேட்டால் அவள் எதைப் பார்த்துப் படிப்பாள்? உங்கள் புருவத்தையா?

கையைப் பிடித்தும் பயனில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவள் பேசுவது கையால். நெய்னா முகம்மது பிடித்தது அவள் பேச்சை. பேச்சைப் பிடித்துக்கொண்டால் மிச்சமிருப்பது பல்தான், அதால் பதில் சொல்லிவிட்டாள். உங்கள் விரலுக்காக வருத்தப்படுகிறேன். அவளுக்காக மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

இப்போது அவளுக்கு இடது கன்னம் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிக் கிடக்கிறது. காய்ச்சல். கஞ்சியைத் தவிர எதுவும் இறங்கவில்லை. இன்று காலை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். மாத்திரை கொடுத்தார்கள், வீக்கம் வற்றியதும் பல் டாக்டரிடம் காட்டச் சொன்னார்கள். விடுதிக்கு வந்ததும் பல் டாக்டர் என்று நான் கையில் காட்டினேனோ இல்லையோ, கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். இதை எழுதும்போதும் அங்கேதான் இருக்கிறாள்.

ஒழுங்கு சொல்லித்தரச் சொல்லியிருக்கிறீர்கள். யாருக்கு?

கலைமகள்


கூத்தாநல்லூர்
21.07.2025

மதிப்பிற்குரிய கலைமகள் டீச்சர் அவர்களுக்கு,

கடைசிவரை படித்தேன். உங்கள் கடிதத்தை நெய்னா முகம்மதுவிடமும் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நான் என்ன தெரிஞ்சா புடிச்சேன் டாக்டர்" என்று சொன்னார். அன்று சாயங்காலம் டீகூடக் குடிக்காமல் வீட்டுக்குப் போய்விட்டார். பதினைந்து வருடமாகப் பயந்த பிள்ளைகளின் கையைப் பிடிப்பதுதான் அவர் வேலை. பிடிக்கச் சொன்னவன் நான். தப்பு என்னுடையது.

வலது பல்லில் நான் அடைத்தது சின்னச் சொத்தைதான். அதனால் கெடுதல் இல்லை. ஆனால் வலித்த பல் அது இல்லை. ஒரு பிள்ளை உதவிக்கு ஆளைக் கூப்பிட்டபோது அவள் வாயில் மெஷினை வைத்தேன் என்பதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதற்கு மேல் அழகாகச் சொல்லத் தெரியவில்லை.

இப்போது அவசரமான விஷயம். மாத்திரையை ஒருவேளைகூட விடவேண்டாம். வீக்கம் வற்றிய பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். இடது கீழ் வரிசையில் நடுவிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் ஆறாவது பல்லில் பெரிய குழி இருக்கும் என்று நினைக்கிறேன். அது பால்பல் இல்லை. ஆறு வயதில் எந்தப் பல்லும் விழாமலேயே பின்னால் முளைத்துவிடும், அதனால் வீட்டில் யாரும் கவனிப்பதில்லை. அறுபது வருடம் மெல்ல வேண்டிய பல். செப்டம்பர் முதல் வாரத்துக்குள் வேர் சிகிச்சையை ஆரம்பித்தால் காப்பாற்றலாம், மூன்று தடவை நாற்காலியில் உட்கார வேண்டும். விட்டால் மறுபடி சீழ் வைக்கும். பிறகு தஞ்சாவூரில் மயக்க மருந்து கொடுத்துப் பிடுங்குவதுதான் வழி. பதினொரு வயதில் அப்படி ஒன்று நடந்தால் அவள் ஆயுசுக்கும் எந்தப் பல் டாக்டர் முன்னாலும் வாயைத் திறக்கமாட்டாள்.

சீர்காழியிலேயே நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். யாரிடம் காட்டினாலும் சரி, காட்டுங்கள். என்னிடம்தான் வர வேண்டும் என்று கேட்கும் தகுதி எனக்கு இல்லை.

முபாரக்


சீர்காழி
29.07.2025

டாக்டர் அவர்களுக்கு,

வீக்கம் வற்றிவிட்டது. டார்ச் அடித்துப் பார்த்தேன். என்னை மட்டும் பார்க்கவிட்டாள். ஆறாவது பல்லேதான், அரிசி போனால் தெரியாத அளவுக்குக் குழி. போன வருடம் அவள் அப்பா நெடுஞ்செழியன் இதே பல்லைக் காட்டிக் கேட்டபோது, "விழுந்து முளைக்கும், கவலப்படாதீங்க" என்று எழுதிக்காட்டியவள் நான். அவரும் நம்பிக்கொண்டு போனார். இதை உங்களிடம் சொல்லாமல் விடலாம் என்றுதான் இருந்தேன்.

சீர்காழியில் ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனேன். தங்கமான அம்மா. ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றிய உடனே செம்மொழி என் செருப்பையும் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடிவிட்டாள். நான் வெறுங்காலோடு அவள் பின்னாலே ஓடியதைத் தேரோட்டம் மாதிரி ஊரே நின்று பார்த்தது.

ஒரு செய்தி. பிள்ளைகள் உங்களுக்கும் பெயர் வைத்துவிட்டார்கள். ஆட்காட்டி விரலை வாயில் வைத்துக் கடிப்பது, அதுதான் நீங்கள். மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு தினமும் உங்கள் நாடகம் நடக்கிறது. ஒருவன் நீங்கள், ஒருவன் நெய்னா முகம்மது. செம்மொழி செம்மொழியாகவே நடிக்கிறாள். நேற்று கடிபட்ட டாக்டராகவும் அவளே நடித்தாள், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பயந்த பிள்ளை இப்படிச் செய்யுமா என்று யோசித்துப் பார்த்தேன். உங்களிடம் அவளுக்குப் பயம் குறைந்திருக்கலாம், கடித்து ஜெயித்த ஆளாயிற்றே.

ஒரு சனிக்கிழமை வாருங்கள். வெள்ளைக் கோட்டு வேண்டாம், முகாம் வேன் வேண்டாம். பேசும்போது வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும். முதலில் சொல்லுங்கள், பிறகு செய்யுங்கள், இரண்டையும் சேர்த்துச் செய்யாதீர்கள். உங்கள் கையையே அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது உதடு அசைத்துப் பிரயோசனமில்லை. அப்புறம், மெதுவாகப் பேசுகிறேன் பேர்வழி என்று வாயை ஆ ஊ என்று கோணாதீர்கள். எங்களுக்குச் சிரிப்பு வரும்.

கலைமகள்


கூத்தாநல்லூர்
11.08.2025

கலைமகள் அக்காவுக்கு,

அக்கா என்று எழுதலாம் அல்லவா? சாம்பாரும் சேப்பங்கிழங்கும் மூன்று தடவை பரிமாறிய பிறகு டீச்சர் என்று எழுதக் கை வரவில்லை.

சனிக்கிழமை நான் அங்கே வந்தது தோல்வி என்று நீங்கள் பஸ் ஸ்டாண்டில் சொன்னீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவள் வாயைத் திறக்கவில்லைதான். ஆனால் ஒரு மணி நேரம் என் வாயைத் திறக்கவைத்து, சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு ஒவ்வொரு பல்லாக எண்ணினாள். நான் அடைத்துக்கொண்ட இரண்டு சொத்தைகளையும் கண்டுபிடித்து உங்களைக் கூப்பிட்டுக் காட்டினாளே, என் கல்லூரிப் பேராசிரியர்கூட அவ்வளவு சந்தோஷமாகக் குற்றம் கண்டுபிடித்ததில்லை. உம்மாவிடம் சொன்னேன். "ஒன் வாயப் பாக்க ஒருத்தி வந்தாளே" என்று சிரிக்கிறார்.

இனி எழுதப்போவதைக் கோபிக்காமல் படிக்க வேண்டும். இரண்டு நாளாக எழுதி எழுதிக் கிழித்தேன்.

உங்கள் பேச்சு வகுப்பைப் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். வாய்க்கு முன்னால் காகிதத் துண்டைப் பிடித்துக்கொண்டு அது ஆடும்வரை 'ப' சொல்லவைத்தீர்கள். நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் அதை ஆட்டிவிட்டபோது எனக்கே கைதட்டத் தோன்றியது. அவனுக்கு ஓர் ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தீர்கள். உங்கள் கை அவன் வலது கன்னத்தில் இருந்ததால் மிட்டாயை இடது பக்கம் அடக்கிக்கொள்ளச் சொன்னீர்கள். அது கரைய அரை மணி நேரம் ஆயிற்று. அதற்குள் இன்னொரு சொல் வந்தது, இன்னொரு மிட்டாய் வந்தது.

வீட்டுக்கு வந்து முகாம் அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். வகுப்பில் முன்வரிசையில் இருந்த எட்டுப் பேரில் ஏழு பேருக்குக் கடைவாய்ப் பல் சொத்தை, பெரிய குழி ஏழு பேருக்கும் இடது பக்கம். பேச்சு வராது என்று பின்வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒன்பது பேரில் ஒருத்திக்குத்தான் சொத்தை. விடுதியிலேயே நன்றாகப் பேசுகிறவள் யார் என்று நான் உங்களைக் கேட்கத் தேவையில்லை. அவள் பல்லைத்தான் டார்ச் அடித்துப் பார்த்தீர்கள்.

மிட்டாயை நிறுத்த முடியுமா அக்கா?

முபாரக்


சீர்காழி
14.08.2025

டாக்டர் அவர்களுக்கு,

அந்த மிட்டாய் நாற்பது வருடமாக இங்கே கொடுக்கப்படுகிறது. எனக்குக் கொடுத்தார்கள், நான் கொடுக்கிறேன். காதில் ஒரு சத்தமும் விழாத பிள்ளை 'ப' என்று சொல்ல எவ்வளவு பாடுபட வேண்டும் என்று உங்களுக்குத் தெரியுமா? தான் சொன்னது சரியா என்று அதற்கே தெரியாது. என் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ளும். அப்போது வாயில் ஏதாவது இனிப்பாக இருக்கட்டும் என்று கொடுப்பது. நாக்கைப் புரட்ட அது பயிற்சியும்கூட.

ஒரே ஒரு சனிக்கிழமை வந்து உட்கார்ந்துவிட்டு, என் வகுப்பால்தான் பிள்ளைகள் பல் போயிற்று என்று கணக்குப் போட்டு அனுப்பியிருக்கிறீர்கள். சாப்பிட்ட சேப்பங்கிழங்கு செரித்துவிட்டது போலும்.

வர வேண்டாம். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

கலைமகள்


கூத்தாநல்லூர்
18.08.2025

அக்காவுக்கு,

மிட்டாய் விஷயத்தில் நீங்கள் என்னோடு எத்தனை வருடம் வேண்டுமானாலும் சண்டை போடலாம். பதில் எழுத நான் இருக்கிறேன். ஆறாவது பல் அவ்வளவு நாள் இருக்காது. செப்டம்பர் முதல் வாரத்தைத் தாண்ட வேண்டாம். என்னிடம் கூட்டிவரப் பிடிக்காவிட்டால் அந்த லேடி டாக்டரிடமே இன்னொரு தடவை போங்கள், செருப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டு போங்கள்.

சேப்பங்கிழங்கு செரிக்கவில்லை.

முபாரக்


சீர்காழி
30.08.2025

தம்பி முபாரக்குக்கு,

உங்கள் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பதில் எழுத வெட்கமாக இருந்தது. இன்று எழுதியே தீர்வது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நாற்பது வருட வழக்கம் என்று உங்களிடம் ஜம்பமாக எழுதினேன் அல்லவா, தபாலில் போட்டுவிட்டு வந்து கண்ணாடி முன்னால் நின்றேன். வாயைத் திறந்து பார்த்தேன். என் இடது பக்கம் கீழே நான்கு பல் கிடையாது. முப்பது வயதுக்குள் ஒவ்வொன்றாகப் போயிற்று. எங்கள் வீட்டு வாகு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் தங்கைக்கு முப்பத்திரண்டும் இருக்கிறது, அவளுக்குக் காது கேட்கும், அவள் இந்தப் பள்ளியில் படிக்கவில்லை. எங்கள் வகுப்பில் நான்தான் முதல் பேச்சாளி. அம்மாவை முதன்முதலாக "அம்மா" என்று நான் கூப்பிட்டபோது வாயில் அந்த ஆரஞ்சு மிட்டாய் இருந்தது. அந்த ருசிதான் எனக்குப் பேச்சு. அதை நீங்கள் குறை சொன்னதும் பெற்ற தாயைச் சொன்ன மாதிரி பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

பிறகு ராசம்மாளோடு உட்கார்ந்தேன், எங்கள் சமையல்காரி. முன்வரிசைப் பிள்ளைகள் ஒவ்வொருவரையும் வாயைத் திறக்கவைத்துப் பார்த்தோம். எல்லாம் இடது பக்கம். என் கையால் கொடுத்தது தம்பி. ஒவ்வொன்றும் என் கையால், தட்டிக்கொடுத்துக் கொடுத்தது. அழுதேன். ராசம்மாளும் அழுதாள், அவள் எதற்கு அழுதாள் என்று தெரியவில்லை, கூட அழுவது அவளுக்குப் பழக்கம்.

தலைமையாசிரியரிடம் சொல்லி மிட்டாயை நிறுத்திவிட்டேன். அதற்குப் பதில் என்ன வேண்டும் என்று பிள்ளைகளையே கேட்டேன். வெள்ளரிக்காய், பென்சில், வேர்க்கடலை என்று நான் சொன்ன எதுவும் எடுபடவில்லை. அவர்கள் கேட்டது மணி. எங்கள் பள்ளியில் மணி என்பது விளக்கு. பீரியட் முடிந்தால் எல்லா அறையிலும் சிவப்பு விளக்கு மின்னும். அந்தச் சுவிட்சைத் தொட யாருக்கும் அனுமதியில்லை. இப்போது சரியாக ஒரு சொல் சொன்னால் ஒரு தடவை அழுத்தலாம். சனிக்கிழமை முழுக்க விளக்கு மின்னி மின்னி அடங்குகிறது. "ஏம்மா, இது பள்ளிக்கூடமா, மாரியம்மன் திருவிழாவா" என்று ராசம்மாள் கரண்டியோடு வந்து நிற்கிறாள். பின்வரிசைப் பிள்ளைகளும் பேச முண்டுகிறார்கள், மிட்டாய்க்குக்கூட அவர்கள் இவ்வளவு முண்டியதில்லை.

செம்மொழியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான் கொடுத்த மிட்டாயால் வந்தது, என் தப்பு, அந்தப் பல்லைக் காப்பாற்ற வேண்டும் என்று. கடைசிவரை என் கையைப் பார்த்தாள். பிறகு விரலைக் கடித்துக் காட்டினாள். உங்களிடம்தான் வருவாளாம்.

குறுவை அறுக்க மெஷின் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்த அவள் அப்பா நெடுஞ்செழியனைப் பிடித்துச் சிகிச்சைக்குக் கையெழுத்து வாங்கிவிட்டேன். செப்டம்பர் 6, சனிக்கிழமை வருகிறோம். விடியற்காலை நாலரைக்குப் பஸ் பிடித்தால் மாயவரத்திலும் திருவாரூரிலும் மாறி எட்டு மணிக்குள் வந்துவிடலாம்.

அக்கா
கலைமகள்


கூத்தாநல்லூர்
08.09.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களை வெளியே உட்காரச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டாளே, அப்போது உங்கள் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. சனிக்கிழமை கூட்டம், உங்களிடம் நிதானமாகச் சொல்லவும் முடியவில்லை. உள்ளே நடந்ததை இப்போது சொல்கிறேன்.

முதலில் நெய்னா முகம்மதுவைப் பார்த்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். அவர் என்ன செய்தார் தெரியுமா? தன் கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அப்படியே ஐந்து நிமிடம் நின்றார், ஐம்பத்தெட்டு வயது மனிதர். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு முகமூடியை இறக்கிக்கொண்டு, நீங்கள் சொல்லித்தந்தபடி "கொஞ்சம் வலிக்கும்" என்று கையில் சொன்னேன். அவள் விழித்தாள். மறுபடி சொன்னேன். எழுந்து போய்த் தன் பையிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் சொன்னது "கொஞ்சம் பசிக்கிறது" என்று பிறகுதான் புரிந்தது. ஆளுக்கு ஒரு பிஸ்கட் சாப்பிட்டோம், அவளும் சாப்பிட்டுவிட்டு வாயைக் கொப்பளித்தாள்.

கை தூக்கினால் நிறுத்திவிடுவேன் என்று பேசிக்கொண்டோம். பதினான்கு தடவை தூக்கினாள். பதினான்கு தடவையும் நிறுத்தினேன். அதில் பத்துத் தடவை வலியில்லை அக்கா, நிஜமாகவே நிறுத்துகிறேனா என்று பரீட்சை. ஒரு தடவை தூக்கிவிட்டு, விளக்கை நகர்த்தச் சொன்னாள். இன்னொரு தடவை என் காலரில் கறை இருக்கிறது என்று சொல்ல.

வேர் சுத்தமாகிவிட்டது. வேர் நன்றாக இருக்கிறது. இன்னும் இரண்டு தடவை வந்தால் பல் நின்றுவிடும். இரண்டு நாள் இடது பக்கம் மெல்ல வேண்டாம் என்று சொல்லுங்கள், நான் கையில் சொல்லி அவள் வேறெதையாவது புரிந்துகொண்டிருப்பாள்.

முபாரக்


கூத்தாநல்லூர்
22.09.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வேலை முடிந்தது. சனிக்கிழமை மூன்றாவது தடவையோடு வேரை அடைத்து ஸ்டீல் கேப் போட்டுவிட்டேன். நீங்கள் திருவாரூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடியதில் சொல்ல முடியாமல் போனவற்றை எழுதுகிறேன். கேப்பைச் சுற்றி ஈறு இரண்டு நாள் சிவந்திருக்கும், பயப்பட வேண்டாம். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கட்டும். வரும் வாரத்திலிருந்து இடது பக்கம் முறுக்கே கடிக்கலாம். வளர்ந்த பிறகு இந்தக் கேப்பை எடுத்துவிட்டு வேறு போட்டுக்கொள்ளலாம்.

அடுத்த மாதம் 18ஆம் தேதி கூட்டிவாருங்கள், மேலே இன்னொரு பல்லில் சின்னதாகச் சொத்தை ஆரம்பித்திருக்கிறது. நீங்களும் வாயைக் காட்டுங்கள், அந்த நான்கு இடத்துக்கும் ஏதாவது செய்யலாம். மற்ற முன்வரிசைப் பிள்ளைகளைத் தீபாவளிக்குப் பிறகு இரண்டிரண்டு பேராகப் பார்க்கிறேன். சங்கத்தில் பேசிவிட்டேன், இனி முகாமில் ஒரு நாளைக்கு எட்டுப் பேருக்கு மேல் பார்க்கமாட்டேன் என்றும் சொல்லிவிட்டேன். முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும்.

ஒரே ஒரு தொல்லை. இந்தத் தடவை கை தூக்கவே இல்லை. நல்லது என்று நினைத்தால், பாதி வேலையில் கண்ணை மூடிக்கொண்டு தூங்கிவிட்டாள்! வாய் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டே வருகிறது, எனக்கு உள்ளே ஒன்றும் தெரியவில்லை. எழுப்பலாம் என்றால் நெய்னா முகம்மது விடவில்லை. இருபது நிமிடம் அவள் தாடையை அவரே தாங்கிக்கொண்டு நின்றார். காலை நாலரைக்குப் பஸ் ஏறினால் பிள்ளை தூங்காமல் என்ன செய்யும்? அடுத்த தடவை நிதானமாகப் பத்து மணிப் பஸ்ஸில் வாருங்கள் அக்கா, நான் மத்தியானத்தில் நேரம் ஒதுக்குகிறேன்.

முபாரக்


சீர்காழி
26.09.2025

அன்புத் தம்பி முபாரக்குக்கு,

கேப் போட்ட பல்லை விடுதி முழுக்கக் காட்டியாகிவிட்டது. சமையற்கட்டு எவர்சில்வர் டம்ளரோடு பக்கத்தில் வைத்து எது பளபளப்பு என்று பார்த்தார்கள். நேற்று இடது பக்கமாகவே ஒரு முறுக்கு முழுக்கக் கடித்தாள். ராசம்மாளுக்கு அந்தச் சத்தம் அடுப்படிவரை கேட்டதாம். என்னிடம் ஓடிவந்து சொன்னாள். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் தம்பி.

கடிதத்தின் கடைசியில் தொல்லை என்று ஒன்றை எழுதியிருக்கிறீர்களே, அதை நான் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. ராசம்மாளிடமும் காட்டினேன். "அலுப்புல தூங்கியிருக்கும், இதுல என்னம்மா இருக்கு" என்கிறாள். உங்களுக்கும் அவளுக்கும் காது கேட்கும், அதனால் தெரியவில்லை. நீங்கள் கண்ணை மூடினால் காது திறந்திருக்கும். யாராவது பக்கத்தில் வந்தால் தெரியும், கதவு திறந்தால் தெரியும். எங்களுக்குக் கண்ணை மூடினால் எல்லாம் போய்விடும். அதற்குப் பிறகு உலகத்தில் யார் என்ன செய்தாலும் மேலே கை படும்வரை தெரியாது. அதனால் தெரியாத இடத்தில் நாங்கள் கண்ணை மூடுவதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு விழித்திருப்போம். எனக்கு நாற்பத்தாறு வயதாகிறது, இன்றைக்கும் பஸ்ஸில் ஒரு நிமிடம் கண்ணயர்ந்ததில்லை.

செம்மொழி அலுப்பில் தூங்கவில்லை தம்பி. மூன்று தடவையும் மூன்று பஸ்ஸிலும், போகும்போதும் வரும்போதும் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டுதான் வந்தாள். இங்கே விடுதியில் சுவரோரமாக, கதவைப் பார்த்துக்கொண்டு, விளக்கு எரிந்தால்தான் படுப்பாள். ஆறு வருடமாக அவளுக்குத் தலை பின்னிவிடுகிறேன். எண்ணெய் வைத்துக் கோதிவிட்டால் மற்றப் பிள்ளைகள் சொக்கிப் போவார்கள், இவள் கையில் கண்ணாடியை வைத்துக்கொண்டு பின்னால் நிற்கும் என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். என்னிடமே ஒரு நாளும் கண்ணை மூடியதில்லை.

அந்தப் பிள்ளை உங்கள் நாற்காலியில், வாயைத் திறந்துவைத்துக்கொண்டு, உங்கள் கையில் மெஷின் இருக்கும்போது, இருபது நிமிடம் கண்ணை மூடியிருக்கிறாள். எனக்குப் பொறாமையாக இருக்கிறது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பழைய பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தேனே, கதவைத் திறந்து ஒரு தடவை காட்டியிருக்கக் கூடாதா?

பத்து மணிப் பஸ்ஸெல்லாம் வேண்டாம். நாலரைக்கே கூட்டிவருகிறேன். தூங்கட்டும்.

அக்கா
கலைமகள்